முனிராஜ் இறந்துபோன கட்டுரை

மகள் வெண்மதிக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ் டீச்சர் போன் செய்தபோது, சுகுணா மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாத்திரையை வெட்டி உறையில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதி எதிரே நின்றவரிடம் கொடுத்த பிறகுதான் டீச்சர் சொன்னது முழுவதும் மனதில் ஏறியது. சரிங்க டீச்சர் என்றாள். மறுமுனையில் டீச்சர் இன்னும் எதற்கோ காத்திருப்பது போலிருந்தது. சந்தோஷங்க என்று சேர்த்துக்கொண்டாள்.

பாலக்கோட்டில் இருக்கும் முல்லைச்சோலை இலக்கிய மன்றம் வருஷா வருஷம் நடத்தும் போட்டி அது. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களிலிருந்து இருநூறு பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்வார்கள். பரிசு தருவது மன்றத்தின் ஆண்டு விழாவில். வெண்மதி ஒன்பதாவது படிக்கிறாள். போட்டிக்குப் போய் வந்த அன்று என்ன தலைப்பு என்று சுகுணா கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

கேட்கக் கூடாது என்றில்லை. ஐந்து வருஷமாக சுகுணாவுக்கு எதையும் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. அவள் புருஷன் முனிராஜ், பாலக்கோடு தக்காளி மண்டியிலிருந்து பெங்களூருப் பக்கம் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன். போன இடத்தில் ஆனேக்கல்லில் ஒருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். முதல் ஒரு மாதம், இன்றைக்கு அழுகை வரும், நாளைக்கு வரும் என்று சுகுணா காத்திருந்தாள். வரவில்லை. பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நூர் பாஷாவின் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊசி போட்ட இடம் மரத்துப் போவதைப் பற்றி யாராவது கேட்டால், அது தானா சரியாயிடுங்க என்று சொல்வாள். தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் ஒன்பது மணி பஸ்ஸில் பாலக்கோட்டுக்குப் போனார்கள். விழா ஒரு கல்யாண மண்டபத்தில். மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு நாற்காலிகளில் சிறப்பு விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்த விழா பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள், மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மன்றத்துச் செயலாளர் சவுரியப்பன், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், ஆண்டறிக்கை வாசித்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சுகுணா தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த பிள்ளைகள் பசிக்கிறது என்று முனகத் தொடங்கியிருந்தார்கள்.

பரிசு கொடுப்பதற்கு முன், முதல் பரிசு பெற்ற கட்டுரையை எழுதிய மாணவியே வாசிப்பாள் என்று சவுரியப்பன் அறிவித்தார். தலைப்பு, என்னால் மறக்க முடியாத நாள். திருத்தும்போது தனக்கே கண் கலங்கிவிட்டது என்றும், எழுபது வயதில் ஒரு குழந்தை தன்னை அழவைத்துவிட்டது என்றும் சொன்னார்.

வெண்மதி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். தாளை விரித்து வாசித்தாள்.

"அன்று வியாழக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. அடுப்பில் பால் வைத்திருந்தார்கள். அப்பாவுடன் வண்டி ஓட்டும் மாமா ஒருவர் வந்து அப்பாவின் டிபன் கேரியரை மட்டும் கொடுத்தார். அப்பா வரவில்லை. மாமா அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா பாலை இறக்கி வைத்தாள். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார்."

சுகுணா மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பிறகு அம்மா என்னை உட்கார வைத்து நகம் வெட்டிவிட்டாள். பத்து விரலும் வெட்டினாள். கால் நகமும் வெட்டினாள். வெட்டி முடித்த பிறகும் என் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்மா அழவில்லை. அதனால் நானும் அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்."

எல்லாம் நடந்ததுதான். அந்த டிரைவர் வந்து, முனிராஜ் இனி வரமாட்டான், தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன நாள் அது. சுகுணாவுக்கு நகம் வெட்டியது மறந்தே போயிருந்தது. மகள் மூலையில் உட்கார்ந்து இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அதற்கு அடுத்த பத்தியில் சாயங்காலம் ஆனது. தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த டெம்போவிலிருந்து அப்பாவை எடுத்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் துணியில் தக்காளிச் சாறும் ரத்தமும் எது எதுவென்று தெரியாமல் கலந்திருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மண்டபத்தில் விசும்பல் கேட்டது. சுகுணாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேடையில் சவுரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுகுணா அசையவில்லை. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கலாம் என்றோ, வெளியே போய்விடலாம் என்றோ தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய சாவைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

இந்தக் குழந்தையைப் பெற்ற தாயை மேடைக்கு அழைக்கிறேன் என்றார் சவுரியப்பன். பக்கத்துப் பெண் அவள் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டாள். சுகுணா படியேறிப் போனாள். ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர்தான் சிறப்பு விருந்தினர். அவர் சுகுணாவின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, கணவனை இழந்த பிறகும் பூவையும் பொட்டையும் தாலியையும் விட்டுக்கொடுக்காமல் நிமிர்ந்து நிற்கிற இந்தச் சகோதரிதான் இன்றைய புதுமைப் பெண் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். தர்மபுரியில் அரிசி ஆலை வைத்திருக்கும் கிருஷ்ணப்பன் மேடையிலேயே எழுந்து, தகப்பனில்லாத இந்தப் பெண் கல்லூரி முடிக்கும் வரை ஆகும் செலவைத் தன் அறக்கட்டளை ஏற்கும் என்று அறிவித்தார். வெண்மதி பரிசாகக் கொடுத்த கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டோகிராபர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கி நின்றார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் முன்பின் தெரியாத பெண்கள் வந்து சுகுணாவின் கையைப் பிடித்தார்கள். எத்தனை வருஷம் ஆச்சு என்று ஒருத்தி கேட்டாள். அஞ்சு வருஷங்க என்றாள் சுகுணா. அது பொய்யில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. பாலக்கோடு தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் சுகுணா பேசினாள்.

"எதுக்கு அப்பிடி எழுதின?"

வெண்மதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மறக்க முடியாத நாளுன்னு குடுத்தாங்க. எனக்கு அந்த நாளுதான் வந்துச்சு."

"செத்துட்டாருன்னு எதுக்கு எழுதின?"

"வூட்ட விட்டுப் போயிட்டாருன்னு எழுதுனா அத எப்பிடிம்மா மேடையில படிக்கறது?" அம்மா பக்கம் திரும்பி, "நீதான சொன்ன, செத்துட்டாருன்னு நெனச்சுக்கன்னு. நெனச்சுப் பாத்தேன். அதுக்கப்பறம் எழுதறதுக்கு ஈசியா இருந்துச்சு" என்றாள்.

எப்போது சொன்னோம் என்று சுகுணா யோசித்துப் பார்த்தாள். அப்பா எப்ப வருவாரு என்று பிள்ளை தினமும் நச்சரித்த நாட்களில் ஏதாவது ஒரு நாள் சொல்லியிருப்பாள். ஒரே ஒரு தடவையாகத்தான் இருக்கும். திட்ட வேண்டும் என்று நினைத்தாள். வார்த்தை வந்தது, அதன் பின்னால் வர வேண்டிய கோபம் வரவில்லை. கண்டக்டர் மாரண்டஹள்ளி என்று குரல் கொடுத்தார். இறங்கினார்கள்.

மறுநாள் கடைக்குப் போனபோது நூர் பாஷா வழக்கம் போல ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். முனிராஜைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மன்றத்துக்காரர்கள் விழா வீடியோவைப் போட்டிருக்கிறார்கள், வெண்மதி வாசித்த பகுதியை மட்டும் யாரோ வெட்டித் தனியாக அனுப்பியிருக்கிறார்கள், தனக்கே மூன்று குரூப்பில் வந்துவிட்டது என்றார். சுகுணா மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கினாள்.

"அவனுக்கும் போயிருக்கும்மா" என்றார் நூர் பாஷா.

"போவட்டும் பாய்."

அன்று கடைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஊரில் எல்லாருக்கும் முனிராஜ் இருக்கும் இடம் தெரியும். ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள், எப்பங்க காரியம் நடந்துச்சு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே என்று. கேலியா நிஜமா என்று சுகுணாவுக்குத் தெரியவில்லை. இருமல் மருந்தை அவள் கையில் கொடுத்து, சாப்பிட்ட பிறகு குடிக்கச் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் சவுரியப்பனே பஸ் ஏறி வந்துவிட்டார். துணிப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் கடை மேஜை மேல் விரித்தார். கிருஷ்ணப்பனுடைய அறக்கட்டளையில் கேட்டது. பெண்ணின் போட்டோ, மதிப்பெண் சான்று, தந்தையின் இறப்புச் சான்று நகல். தானே பூர்த்தி செய்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகவும், அவள் அலைய வேண்டியதில்லை என்றும் சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

"அவரு சாவலீங்கய்யா" என்றாள் சுகுணா. "ஆனேக்கல்ல இருக்காரு. வேற குடும்பம்."

சவுரியப்பன் பேனாவை மூடவில்லை. நூர் பாஷா உள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, தான் நானூறு பேர் முன்னால் அழுததாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வது போலச் சொன்னார். மேடையிலேயே ஏன் சொல்லவில்லை என்று சுகுணாவைக் கேட்டார். சொல்லத் தோணலீங்க என்றாள். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்றாள்.

திருப்பி வாங்கி என்ன செய்வது, பெயர் பொறித்தாகிவிட்டதே என்றார் அவர். கமிட்டியில் பேச வேண்டும் என்றும், கிருஷ்ணப்பனிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், அந்த உதவி இனி வராது என்பதை அவள் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"நகம் வெட்டினதும் பொய்யாம்மா?"

"அது நடந்ததுங்க."

"பால இறக்கி வெச்சது, காப்பி குடுத்தது?"

"எல்லாம் நடந்ததுங்க. சாயந்தரம் ஆம்புலன்ஸ் வந்ததுதான் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "நான் அதுக்குத்தாம்மா மார்க் போட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சுகுணா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னக் கொன்னுட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றான் முனிராஜ்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல். அந்தக் குரல் கேட்டால் என்னவெல்லாம் ஆகும் என்று முதல் வருஷம் அவள் நினைத்துப் பார்த்ததுண்டு. கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், போன் கீழே விழும். அப்படி எதுவும் ஆகவில்லை. சீப்பில் சுற்றியிருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மண்டியில் எல்லாரும் வீடியோவைக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்றான். ஆனேக்கல்காரி அதைப் பார்த்துப் பயந்துபோய்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பூசணிக்காய் உடைத்தாளாம், மூன்று நாளாக வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்கிறாளாம். பேசப் பேச அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், பிள்ளையைப் பார்க்க வரலாமா என்று கேட்டான்.

"வா" என்றாள் சுகுணா. வரட்டும் என்றோ வரக் கூடாது என்றோ நினைத்துச் சொல்லவில்லை. கேட்டான், சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பைக்கில் வந்தான். கையில் ஒரு பை திராட்சை. தொப்பை விழுந்திருந்தது, மீசைக்குச் சாயம் போட்டிருந்தான். வெண்மதி வாசலுக்கு வந்து, "வாங்க" என்றாள். விருந்தாளிகளிடம் சொல்லும் அதே வாங்க. முன்பெல்லாம் அவனை வா போ என்றுதான் பேசுவாள். அந்த ஒரு வார்த்தையில் முனிராஜ் படியிலேயே நின்றுவிட்டான். பிறகு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

என்ன படிக்கிற, எந்த டீச்சர், இங்கிலீஷ் வருதா என்றெல்லாம் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் வந்தது. டிவிக்குப் பக்கத்தில் இருந்த கேடயத்தை எடுத்துப் பார்த்து, எடை பார்ப்பது போல் கையில் ஏந்தி, திரும்ப வைத்தான்.

"வீடியோல பாதிதான் இருந்துச்சு. முழுசாப் படிச்சுக் காட்டறியா?" என்றான்.

வெண்மதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த பிரதியை எடுத்து வந்தாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு வாசித்தாள், மேடையில் நிறுத்திய இடங்களிலெல்லாம் நிறுத்தி. டிபன் கேரியர் வந்தது. பால் இறங்கியது. நகம் வெட்டும் இடத்தில் முனிராஜ் நிமிர்ந்து சுகுணாவைப் பார்த்தான். அவள் கதவில் சாய்ந்து நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வரும் இடத்துக்கு வந்தபோது அவன் தரையைப் பார்த்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு என்று வந்ததும் தன் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டான்.

முடிந்த பிறகு தெருவில் காய்கறிக்காரன் கத்திக்கொண்டு போனான்.

"சாவுக்கு யார் யாரு வந்தாங்க? நம்ம சைடுல?" என்று கேட்டான் முனிராஜ்.

"எழுதல" என்றாள் வெண்மதி. "நாலு பக்கத்துக்கு மேல எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அவன் தலையாட்டினான். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான், வெகுநேரம் துண்டை எடுக்கவே இல்லை. அழுகிறான் என்று சுகுணாவுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது தனக்கு ஏதாவது வரும் என்று எண்ணினாள். பாவம் என்று, அல்லது நல்லா வேணும் என்று. இரண்டில் எது வந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பாள். அவன் சட்டையில் மேல் பொத்தான் இல்லாதது மட்டும்தான் கண்ணில் பட்டது.

சாப்பிடச் சொன்னாள். வேண்டாம் என்றான். தான் வந்தது அங்கே தெரியாது, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்றான். புறப்படும்போது மகளின் தலையில் கை வைத்தான். அவன் கையை எடுக்கும் வரை வெண்மதி அப்படியே நின்றாள். "அப்பா போயிட்டு வரேன்" என்றான். சரிங்க என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தான். பிறகு அதுவும் இல்லை. மன்றத்துக் கமிட்டியில் வெகுநேரம் வாக்குவாதம் நடந்ததாகவும், போட்டி விதியில் கற்பனை கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்று சவுரியப்பன் ஒருவரே நின்று வாதாடியதாகவும் பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். கேடயத்தை யாரும் கேட்கவில்லை. ஆண்டு மலரில் கட்டுரையை மட்டும் போடவில்லை. பரிசு பெற்றோர் பட்டியலில் பெயர் இருந்தது.

அவன் வந்து போன அன்று சாயங்காலம், மறுநாள் அறிவியல் பரீட்சை இருக்கிறது, கேள்வி கேட்கிறாயா என்று வெண்மதி புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சுகுணா கேட்டாள், அவள் சொன்னாள். நடுவில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிறுத்தினாள்.

"இனிமே யாராவது கேட்டா என்னம்மா சொல்றது?"

"இருக்காருன்னு சொல்லு. ஆனேக்கல்ல இருக்காருன்னு."

"மேல கேட்டா?"

"மேல கேக்க மாட்டாங்க."

வெண்மதி யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். சுகுணா பக்கத்தைப் புரட்டி அடுத்த கேள்வியைக் கேட்டாள். அந்தப் பாடத்தில் இரண்டு பதிலைத் தப்பாகச் சொன்னாள் வெண்மதி. சுகுணா திரும்பப் படித்துவிட்டு வரச் சொன்னாள். படித்துக்கொண்டு வந்தபோது இரண்டும் சரியாக இருந்தன.